கூப்பன் மாவும் கொல்லைக் கீரையும்: சப்பிரகமுவத் தோட்டத்து அடுக்களையின் வரலாறு பற்றிய சில குறிப்புகள்

ஒரு சமூகத்தின் வரலாற்றை எழுத முற்படுவோர் ஆட்சி மாற்றங்களையும் சட்டங்களையும் போராட்டங்களையும் ஆராய்வது வழக்கம். அச்சமூகத்தினர் காலையில் எதை உண்டனர், அதனை யார் சமைத்தார், எந்நேரத்திற் சமைத்தார் என்னும் வினாக்கள் வரலாற்று நூல்களிற் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. மலையகத் தமிழரைப் பொறுத்தவரை இவ்வினாக்கள் இன்றியமையாதன. அவர்களது உணவு நீண்ட காலமாக அவர்களது ஊதியத்தின் ஒரு பகுதியாகவே இருந்து வந்தமையே இதற்குக் காரணமாகும்.

தோட்டப்புறங்களில் இன்று பொதியிலடைத்த நூடில்ஸ், பிஸ்கற், டின்மீன், சோயா மீற், சொசேஜஸ் முதலிய ஆயத்த உணவுகள் பெருகியுள்ளன. இதனைக் காணும் படித்தோர் பலர், “தோட்டத்துத் தாய்மார் சமைக்கச் சோம்புகின்றனர், பிள்ளைகள் வீட்டுச் சோற்றை வெறுத்துக் கடைப் பண்டங்களை நாடுகின்றனர்” எனக் குறை கூறுகின்றனர். இக்கூற்று எவ்வளவு பொருத்தமுடையது என்பதை வரலாற்று நோக்கிற் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இதற்கு இரத்தினபுரி மாவட்டத்தின் கொடகவெலப் பகுதி ஏற்ற களமாக அமைகின்றது.

இடமும் சூழலும்

பெல்மதுளையிலிருந்து காவத்தை வழியாக எம்பிலிப்பிட்டியை நோக்கிச் செல்லும் வீதியில் கொடகவெல அமைந்துள்ளது. வடக்கேயும் மேற்கேயும் மழை மிகுந்த குன்றுகள். தெற்கே செல்லச் செல்ல உலர் வலயத்தின் சாயல். தேயிலையும் இறப்பரும் இக்குன்றுகளிற் பயிராகின்றன. நுவரெலியாப் பகுதியிற் கண்ணுக்கெட்டிய தூரம்வரை தோட்டங்களே பரந்து கிடப்பதுபோல இங்கு இல்லை. தோட்டமும் சிங்களக் கிராமமும் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, பல இடங்களில் ஒரு கானே எல்லையாக, அமைந்துள்ளன.

இவ்வமைப்பு நமது பொருளுக்கு மிகவும் முக்கியமானது. கானின் ஒருபுறத்திற் பலாவும் ஈரப்பலாவும் தென்னையும் கித்துளும் மிளகுக் கொடியும் நிறைந்த கிராமத்து வீட்டுத்தோட்டம். மறுபுறத்தில் லயம். அங்கே ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பிரா, அதன் முன்னே ஒரு சிறு திண்ணை, அதற்கப்பால் தோட்ட நிருவாகத்துக்குரிய தேயிலை. இரு சாராரும் ஒரே மழையையும் ஒரே மண்ணையும் பெற்றவர்கள். எனினும் இரு சாராரின் அடுப்பிலும் வெந்த பொருள்கள் வேறுபட்டன. இவ்வேறுபாடு எவ்வாறு தோன்றியது என்பதை இனி நோக்குவோம்.

கூழிலிருந்து சோற்றுக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்கும், 1869 ஆம் ஆண்டிற் தோன்றிய இலைநோயினாற் கோப்பி அழிந்த பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும், திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, தஞ்சாவூர், புதுக்கோட்டை ஆகிய பகுதிகளிலிருந்து மக்கள் வந்து சேர்ந்தனர். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சம் பலரைக் கடல் கடக்கச் செய்தது. இவர்களுட் பெரும்பாலோர் நிலமற்றோரும் சிறு குடியானவருமாவர். கேழ்வரகு, கம்பு, சோளம், வரகு ஆகியவையே இவர்களது அன்றாட உணவு. நெற்சோறு விழா நாட்களுக்குரியதாக இருந்தது.

தோட்டத்திற்கு வந்ததும் இந்நிலை மாறியது. துரைமார் தொழிலாளருக்கு அரிசி வழங்கினர். அதன் விலை கூலியிற் கழிக்கப்பட்டது. மாட்டுவண்டிகள் கொழும்பிலிருந்து அரிசி மூட்டைகளை மலைக்கு ஏற்றி வந்து, கோப்பி மூட்டைகளைத் திரும்ப ஏற்றிச் சென்றன. பின்னர் 1912 இல் இரத்தினபுரிக்கும், அதன்பின் ஓப்பநாயக்க வரைக்கும் நீடிக்கப்பட்ட களனிப் பள்ளத்தாக்கு இருப்புப்பாதை இப்பகுதியின் போக்குவரத்தை எளிதாக்கியது. அரிசியின் பெரும்பகுதி பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் இறக்குமதி செய்யப்பட்டதாகும். 1927 ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் தொழிலாளரின் கூலியை அரிசியின் விலையோடு சேர்த்தே நோக்கியது.

ஊரிலே தான் விளைத்த தானியத்தைத் தானே குற்றிச் சமைத்த குடியானவன், தோட்டத்திலே பிறர் விளைத்து, பிறர் இறக்குமதி செய்து, துரை அளந்து கொடுத்த அரிசியை உண்பவனானான். சோறு உயர்ந்த உணவென மதிக்கப்பட்டமையால் இம்மாற்றம் ஒரு முன்னேற்றமாகவே தோன்றியது. ஆயினும் எதை உண்பது என்று தீர்மானிக்கும் உரிமை அடுக்களையிலிருந்து தோட்டத்துக் களஞ்சியத்திற்குப் பெயர்ந்தமை இக்காலத்திலேயே நிகழ்ந்தது. பின்னர் நிகழ்ந்தவற்றுக்கெல்லாம் இதுவே தோற்றுவாய் எனலாம்.

மாவு வந்த வரலாறு

இரண்டாம் உலகப்போர் இரண்டாவது மாற்றத்தைக் கொண்டுவந்தது. 1942 மார்ச் மாதத்தில் இரங்கூன் யப்பானியர் வசமாயிற்று. பர்மா அரிசி நின்றது. இலங்கையில் உணவுப் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. மக்கள் “கூப்பன்” என்னும் சொல்லை அறிந்தனர். அரிசியின் குறையை ஈடுசெய்யக் கோதுமை மாவு வழங்கப்பட்டது. அதுவரை நகரத்துப் பாண் பேக்கரிகளுக்கே பெரிதும் உரியதாயிருந்த மாவு லயத்துக் காம்பிராவிற் புகுந்தது.

போர் முடிந்த பின்னரும் மாவு விலகிச் செல்லவில்லை. அரிசித் தட்டுப்பாடு தொடர்ந்தது. 1952 இல் இலங்கை சீனாவுடன் இறப்பர்–அரிசி உடன்படிக்கையைச் செய்துகொண்டது. ஆண்டொன்றுக்கு 50,000 தொன் இறப்பருக்கு 270,000 தொன் அரிசி என்பது அதன் ஏற்பாடு. சப்பிரகமுவத் தோட்டங்களின் இறப்பரும் இவ்வாறு நாட்டுக்குச் சோறாயிற்று. 1953 இல் மானிய அரிசியின் விலை படி 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது ஆகத்து 12 ஆந் திகதி நாடெங்கும் ஹர்த்தால் நிகழ்ந்தது. பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். அரிசி அரசியலின் மையப் பொருளாயிற்று. அமெரிக்க உதவித் திட்டங்களின் வழியாகவும் கோதுமை பெருமளவில் வந்தது. அரிசியிலும் மலிவாக மாவு கிடைத்தமையால் வறியோரின் உணவாக அது நிலைபெற்றது.

தோட்டங்களில் மாவு வேரூன்றியதற்கு மலிவு ஒன்றே காரணமன்று. ரொட்டியின் தன்மையை இங்கு நோக்குதல் வேண்டும். மாவுடன் உப்பும், கிடைத்தபோது சிறிது தேங்காய்ப்பூவும் சேர்த்துப் பிசைந்து, தடிப்பாகத் தட்டிக் கல்லிற் சுட்டுவிடலாம். இதற்குச் சோறு கறிக்கு வேண்டிய அளவு விறகு வேண்டியதில்லை. பல கறிகளும் வேண்டியதில்லை. இடித்த மிளகாய்ச் சம்பலும் ஒரு கோப்பை தேத்தண்ணியும் போதும். விடியுமுன் சுட்ட ரொட்டியைத் துணியிற் சுற்றி மலைக்குக் கொண்டு செல்லலாம், நண்பகல்வரை கெடாது. ஆகவே தோட்டத்து வேலை நேரத்துக்கு முற்றும் இயைந்த உணவாக ரொட்டி அமைந்தது. இன்று “ஆயத்த உணவு” என்று நாம் குறிப்பிடுவதன் இலக்கணம் சமைக்கும் நேரத்தையும் உழைப்பையும் குறைப்பதேயாயின், தோட்டத்தின் முதலாவது ஆயத்த உணவு இக்கோதுமை மாவேயாகும். ஆலையில் அரைத்து, தவிடும் முளையும் நீக்கி, மூட்டையில் அடைத்து வந்த பண்டம் அது. அவ்வாறு நீக்கப்படுவனவற்றோடு நார்ப்பொருளும் இரும்புச் சத்தும் உயிர்ச்சத்துகளும் பெரும்பாலும் நீங்கிவிடுகின்றன என்பது குறிப்பிடத்தக்கது.

பிரட்டும் அடுப்பும்

தோட்டத்துப் பெண்ணின் நாளை எண்ணிப் பார்த்தாலன்றி அவளது சமையலை விளங்கிக்கொள்ள இயலாது. அதிகாலை நான்கு மணியளவில் எழுந்து, பீலியில் நீர் மொண்டு, மிலாறு எரித்து அடுப்பு மூட்டி, காலை உணவையும் பகலுணவையும் ஒருங்கே ஆயத்தஞ்செய்து, கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பிராவில் விட்டு, பிரட்டுக்குச் செல்லவேண்டும். இறப்பர் மலையிலோ பால் நன்கு வடிவது விடியற்காலத்திலேயாதலால் அங்கு வேலை செய்வோருக்குக் காலை இன்னும் சுருங்கியது. பிரட்டுக்குப் பிந்தினாற் “பேர்” இல்லை. பேர் இல்லையேற் கூலி இல்லை.

ஆண்கள் பலருக்கு வேலை பிற்பகலின் தொடக்கத்திலேயே முடிந்துவிடும். கொழுந்து எடுக்கும் பெண் மாலை நிறுவை முடிந்த பின்னரே வீடு திரும்புவாள். திரும்பியதும் விறகு, நீர், இரவுச் சமையல். இவ்வாறு கூடுதலான நேரம் உழைத்த பெண்ணுக்கு ஆணுக்குச் சமமான நாட்கூலி 1984 ஆம் ஆண்டிலேயே கிடைத்தது. சமையல் பெண்ணுக்குரியது என்னும் வழக்கமோ அதன் பின்னரும் மாறவில்லை. துரைத்தனத்தை மட்டும் குறை கூறி இவ்விடத்தில் நாம் தப்பிவிட முடியாது. பிற்பகலில் வீடு திரும்பிய ஆண் ஒரு கீரையை ஆய்ந்து, ஒரு பருப்பை அவித்து வைத்திருப்பானாயின் தோட்டத்து உணவின் வரலாறு சிறிதளவேனும் வேறுவகையாக அமைந்திருக்கும்.

கீரை ஆய்வதும் பலாக்காய் வெட்டுவதும் அம்மியில் அரைப்பதும் நேரத்தைக் கேட்கும் தொழில்கள். கிராமத்துப் பெண்ணுக்கும் உழைப்பு மிகுதியாக இருந்தது. எனினும் அவளது நேரத்தைத் தப்பும் கொம்பும் பங்கிடவில்லை.

பஞ்ச காலம் கற்பித்த பாடம்

1973 ஆம் ஆண்டிற் உலகச் சந்தையில் அரிசி, கோதுமை, சீனி, எண்ணெய் ஆகியவற்றின் விலைகள் ஏறின. இலங்கையிற் பங்கீட்டு அரிசியும் மாவும் குறைக்கப்பட்டன. மாவட்டங்களுக்கிடையே அரிசி கொண்டுசெல்வதற்கும் கட்டுப்பாடு இருந்தது. பாணுக்கு மக்கள் வரிசையில் நின்றனர். நாடு முழுவதும் துன்புற்றதாயினும் தோட்டங்களிலேயே சாவு மிகுந்தது. 1974 இல் தோட்டத்துறையின் இறப்பு வீதம் கடுமையாக உயர்ந்தது. பசிக் கொடுமையாற் பலர் தோட்டங்களை விட்டு நகரங்களிற் பிச்சையெடுத்தனர்.

அக்காலத்திற் சப்பிரகமுவக் கிராமங்களைக் காத்தவை பலாவும் ஈரப்பலாவும் மரவள்ளியுமாகும். கானுக்கு இப்பால் வாழ்ந்தோருக்கு அவை சொந்தமல்ல. லயத்தைச் சுற்றியுள்ள நிலம் அவர்களதன்று. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தின் பின்னர் அவர்களுட் பெரும்பாலோர் நாட்டின் குடிகளாகவும் கருதப்படவில்லை. 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி பலர் இந்தியா செல்லக் காத்திருந்தனர். நாளை இருப்போமா என்று அறியாதவர் பலாக்கன்று நடுவதெங்ஙனம்? 1972, 1975 ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கினவேயன்றித் தொழிலாளிக்கு ஒரு பாத்தி நிலத்தையும் உரித்தாக்கவில்லை. 1977 இலும் 1983 இலும் நிகழ்ந்த வன்செயல்கள் சப்பிரகமுவத் தோட்டங்களில் இவ்வச்சத்தை மேலும் ஆழமாக்கின. பலர் வடக்கு நோக்கிப் பெயர்ந்தனர்.

எனினும் இரு சாராருக்குமிடையே பகைமையே நிலவியதெனக் கொள்ளுதல் தவறாகும். கிராமத்தார் தந்த பலாக்காயும் ஈரப்பலாவும் தோட்டத்து அடுப்பில் வெந்தன. தேங்காய்ப்பால் சேர்த்துப் பலாக்காய்க் கறி சமைக்கவும், வல்லாரையைச் சிறிதாக அரிந்து தேங்காய்ப்பூவுடன் மல்லுங் செய்யவும் இத்தோட்டத்துப் பெண்கள் கிராமத்துப் பெண்களிடமிருந்தே கற்றனர். தேயிலைச் செடிகளுக்கிடையே முளைத்த கீரைகளும் அவ்வப்போது கறியாயின. சப்பிரகமுவத் தமிழரின் சமையல் மலைநாட்டின் ஏனைய பகுதிகளிலிருந்து வேறுபட்டு விளங்குவதற்கு இவ்வுறவும் ஒரு காரணமாகும்.

பொதி உணவின் வருகை

1977 இன் பின்னர் நாட்டின் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. 1979 இற் பங்கீட்டுக்குப் பதிலாக உணவு முத்திரைகள் வந்தன. 1980 இல் திருகோணமலைச் சீனன்குடாவிற் பிறீமா மாவாலை இயங்கத் தொடங்கியது. மாவு முன்னரினும் தடையின்றிக் கிடைத்தது. பால்மா, டின்மீன், பிஸ்கற், சோயா மீற், பின்னர் இரு நிமிடத்தில் வேகும் நூடில்ஸ் என்பன ஒன்றன்பின் ஒன்றாகச் சிறு பொதிகளிற் தோட்டத்துக் கடைகளுக்கு வந்தன. சிறு பொதி நாட்கூலிக்காரனுக்கு வசதியானது. மாதத்துக்கு வேண்டியதை ஒருங்கே வாங்க அவனிடம் பணம் இராது. 1992 இற் தோட்ட நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. வேலை நாட்கள் குறைந்த இடங்களில் இளைஞர் கொழும்புக் கடைகளுக்கும், பெண்கள் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் மத்திய கிழக்கு நாடுகளுக்கும் சென்றனர். வீட்டிற் சமைத்த தாய் அங்கு இல்லாதபோது பொதி உணவு அவளது இடத்தை நிரப்பியது.

ஆயத்த உணவு யாவும் தீயதென்பது நமது கருத்தன்று. 1973 இல் தொடங்கப்பெற்ற திரிபோஷவும் ஆலையிற் செய்து பொதியிலடைத்த உணவே. சோளமும் சோயாவும் கொண்ட அம்மாவு கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் பயன்பட்டது. பொதியிலிருப்பது எது, அதைத் தெரிவு செய்பவர் யார் என்பனவே நோக்கத்தக்கவை. 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடளாவிய ரீதியில் ஏறத்தாழ 17 சதவீதம். தோட்டத்துறையில் ஏறத்தாழ 32 சதவீதம். மாவும் சீனியும் வயிற்றை நிரப்பினவேயன்றி எலும்பை வளர்க்கவில்லை என்பதற்கு இவ்வெண்கள் சான்றாகும்.

போலந்து தரும் ஒப்புமை

இந்நிலை நமக்கு மட்டும் உரியதன்று. போலந்து நாட்டிலும் அரசு பங்கீட்டு அட்டை வழங்கிய காலமுண்டு. 1976 இற் சீனிக்கும் 1981 இல் இறைச்சிக்கும் அட்டைகள் வந்தன. இறைச்சி அட்டை 1989 வரை நீடித்தது. அங்கும் பெண்கள் ஆலைகளில் வேலை செய்தனர். கடை வரிசைகளில் மணிக்கணக்காக நின்றனர். அரச மானியம் பெற்ற “பால் உணவகங்கள்” தொழிலாளருக்கு மலிவான சூடான உணவை அளித்தன. 1989 இன் பின்னர்ப் பேரங்காடிகளும் உறைய வைத்த உணவுப் பொதிகளும் பெருகின. தாய் கையாற் செய்த பியெரோகி என்னும் கொழுக்கட்டையும் இன்று பொதியிற் கிடைக்கிறது.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. போலந்தின் நகரத் தொழிலாளருக்குச் சிறு பயிர்த்துண்டுகள் ஒதுக்கப்பட்டிருந்தன. 1981 இல் அவற்றுக்கெனத் தனிச்சட்டமும் இயற்றப்பட்டது. பொதுவாக 300 முதல் 500 சதுர மீற்றர் வரையிலான அத்துண்டுகளில் அவர்கள் கோவாவும் வெள்ளரியும் பழமரங்களும் வளர்த்தனர். விளைந்தவற்றை உப்பிலிட்டும் போத்தலிலடைத்தும் குளிர்காலத்துக்குச் சேமித்தனர். கடைகள் வெறுமையாயிருந்த காலத்திலும் வீட்டுச் சமையல் அழியாமைக்கு இந்நிலம் ஒரு காரணமாயிற்று. நமது தோட்டங்களிலோ வீடமைப்புத் திட்டங்களின்கீழ் ஒரு குடும்பத்துக்கென அண்மைக் காலத்தில் வகுக்கப்பட்ட நிலம் 7 பேர்ச். அதாவது ஏறத்தாழ 177 சதுர மீற்றர். வீடும் அதற்குள்ளேயே அமையவேண்டும். அதுவும் இன்னும் எல்லாருக்கும் கிட்டவில்லை.

2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி இதனை மீண்டும் உணர்த்தியது. மாவும் பால்மாவும் எரிவாயுவும் கிடைத்தற்கரியனவாயின. மாவின் விலை பன்மடங்காயிற்று. அவ்வாண்டின் தொடக்கத்தில் அரசு தோட்டக் குடும்பங்களுக்கு அறிவித்த நிவாரணமும், மாதம் 15 கிலோ கோதுமை மாவைக் குறைந்த விலையில் வழங்குவது என்பதே. எண்பதாண்டுகளுக்கு முன்னர்ப் பர்மா வீழ்ந்தபோது தோட்டத்துக்கு அளந்து கொடுக்கப்பட்ட பண்டமே மீண்டும் கொடுக்கப்பட்டது. கானுக்கு அப்பால் இருந்தோர் மறுபடியும் பலாமரத்தை அண்ணாந்து பார்த்தனர்.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. புதிதாக வீட்டிற் சமைத்த உணவுக்கு நிலம், விறகு, நேரம் என்னும் மூன்றும் வேண்டும். இம்மூன்றும் தோட்டத் தொழிலாளியின் ஆட்சியில் இருந்ததில்லை. அரிசியும் மாவும் பொதியும் காலத்துக்குக் காலம் அவர்கள்மேற் சுமத்தப்பட்டன. அவ்வாறு சுமத்தப்பட்ட மாவையும் நாள்தோறும் விடியுமுன் பிசைந்து, தட்டி, சுட்டுச் சூடாகத் தந்த தாய்மாரைச் சோம்பேறிகள் என்று கூற எவருக்கும் உரிமையில்லை. அந்நிய மாவை அவர்கள் தமது கைப்பக்குவத்தால் வீட்டுணவாக்கினர். ரொட்டியும் சம்பலும் இன்று மலையகத்தாரின் அடையாளமாகவே மதிக்கப்படுதல் அவ்வுழைப்பின் பயனேயாகும்.

ஆதலால் தோட்டத்து உணவைச் சீர்திருத்த விரும்புவோர் சத்துணவு பற்றிய அறிவுரைகளோடு நின்றுவிடுதல் போதாது. கொல்லைக்கு உரிய நிலத்துக்கு உறுதியும், பெண்ணின் வேலை நேரத்துக்கு ஓர் எல்லையும், அடுப்பங்கரையில் ஆணின் பங்கும் அவற்றோடு சேர்த்துக் கேட்கப்படல் வேண்டும். லயத்திலிருந்து பல்கலைக்கழகத்திற்கு வந்துள்ள மாணவர் இன்று நம்மிடையே பலர். விடுமுறையில் வீடு செல்லும்போது அவர்கள் தம் பாட்டியரிடம் கூப்பன் காலத்துச் சமையலைப் பற்றிக் கேட்டு எழுதிவைப்பார்களாயின், எந்தக் களஞ்சியத்து ஆவணத்திலும் இடம்பெறாத ஒரு வரலாறு நமக்குக் கிட்டும். அவ்வாறு எழுதுவோர் தம் தாயாரின் கையிலிருந்து ஒருவேளைச் சமையலைத் தாம் ஏற்றுக்கொள்வதும் நன்று.